அஞ்சினான் புகலிடம்

சமயநல்லூரிலிருந்து தெற்கே நோக்கினால், வைகைக்கு அப்பால் நாகமலையின் நீண்ட முதுகு கண்ணுக்குத் தெரிகிறது. அம்மலைப் பக்கத்தில்தான் கொங்கர்புளியங்குளமும் முத்துப்பட்டியும் கீழக்குயில்குடிச் சமணர் மலையும் அமைந்துள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் அறவோர் தங்கித் தவம் இயற்றுவதற்காக வெட்டப்பெற்ற கற்படுக்கைகளை மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் இன்றும் காணலாம். அவற்றுக்குக் கொடை அளித்தவர் யாவரும் பெருஞ்செல்வர் என்று எண்ண வேண்டா. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும் கொழு வணிகனும்கூடக் கொடையாளராக நிற்கின்றனர். தளர்ந்து வந்தவர் சாய்ந்து இளைப்பாற ஓர் இடம் செய்து கொடுப்பதே அறம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் முன்னோர் இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு. ஆகாரதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம் என்பன அவை. முதல் மூன்றையும் நாம் ஒருவாறு செய்து வருகிறோம். அன்னம் அளிக்கிறோம், மருத்துவ முகாம்கள் நடத்துகிறோம், மாணவர்க்குப் புத்தகமும் உதவித்தொகையும் தருகிறோம். நான்காவதாகிய அபயதானத்தை, அதாவது அஞ்சியவனுக்கு ‘அஞ்சாதே’ என்று அடைக்கலம் அளிப்பதை, இன்று எவ்வாறு செய்கிறோம்? முற்காலத்தில் சமணப் பள்ளிகளை ஒட்டி அடைக்கல இடங்கள் இருந்தன என்பதையும், அவற்றுக்கு ‘அஞ்சினான் புகலிடம்’ என்று பெயர் வழங்கியது என்பதையும் கல்வெட்டுகளால் அறிகிறோம். மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் தம் ‘சமணமும் தமிழும்’ நூலில் இதனை எடுத்துக்காட்டியுள்ளார். அந்தப் புகலிடம் இன்று எங்கே உள்ளது என்பதே நம் வினா.

இவ்வினா வீணே எழுந்தது அன்று. பணி நிமித்தம் சமயநல்லூர்ப் பக்கம் வந்து குடியேறிய நம் குடும்பங்கள் சில, சென்ற தசலட்சண பருவத்தின்போது ஓர் இல்லத்தில் கூடின. பூசையும் சொற்பொழிவும் முடிந்தபின் இளைஞர் இருவர் ஒரு கருத்தை முன்வைத்தனர். வெள்ளம், புயல், தீ, சாலை விபத்து முதலிய பேரிடர்கள் நேருங்கால், பொருள் வழங்குவதோடு நில்லாமல், துயருற்றோர் பக்கத்தில் இருந்து மனத்துணை அளிக்கும் சிறு தொண்டர் குழு ஒன்றை அமைக்கலாமே என்றனர். கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மூன்று தடைகளை எழுப்பினார். அவர் ஆகமப் பயிற்சி உள்ளவர். அவர் கேள்விகளைத் தள்ளிவிட இயலாது.

“ஒவ்வோர் உயிரும் தான் செய்த வினையின் பயனைத் தானே துய்க்கிறது, பிறர் எவ்வாறு அதைப் போக்குவர்? இது ஒன்று. பிரிவுக்கு அழுகின்றவரோடு அமர்ந்து அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பது பற்றினை வளர்ப்பதாகாதா? பற்றறுக்கச் சொல்லும் நெறியினர் நாம். இது இரண்டு. மனநோய்க்கு மருத்துவர் இருக்கிறார். அறியாதவர் புகுந்து கெடுப்பானேன்? இது மூன்று.”

அன்று நாம் விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியாமையும் ஒரு காரணம். நம் நெஞ்சில் இருந்த பழைய உறுத்தல் ஒன்று இன்னொரு காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்த பிழை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே கடலடியில் எழுந்த நிலநடுக்கத்தால் உண்டான ஆழிப்பேரலை நம் கரையை அன்று காலையில் தாக்கியது. தமிழகத்தில் மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் 6,000 பேருக்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். 2005 சனவரியில், அரிசியும் போர்வையும் பாத்திரங்களும் ஏற்றிய வேனுடன் நாமும் நண்பர் சிலரும் நாகப்பட்டினம் பக்கத்து மீனவர் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றோம். தார்த்தகடு வேய்ந்த தற்காலிகக் கொட்டகைகள் வரிசையாக நின்றன. தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பொருள் கொடுத்தோம். கையில் பட்டியல் வைத்திருந்தவர்கள் நாமே.

வரிசையில் வந்த ஓர் அம்மையாரிடம், “வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டோம். “அஞ்சு” என்றார். பிறகு சற்று நின்று, “இல்ல, மூணு” என்றார். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. ஏதேனும் சொல்ல வேண்டுமே என்ற பதற்றத்தில், “எல்லாம் வினைப்பயன் அம்மா, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்” என்றோம். அவர் நம்மை நிமிர்ந்து நோக்கி, “எம்புள்ளைங்க என்னய்யா பாவம் செஞ்சிச்சு?” என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. அவர் மூட்டையை வாங்காமலே திரும்பிச் சென்றார்.

அவ்வூரில் பயிற்சி பெற்ற தொண்டர் பெண்மணி ஒருவர் இருந்தார். அவர் அந்த அம்மையாரின் பின்னே சென்று, கொட்டகை வாயிலில் அவர் அருகே அமர்ந்தார். ஒரு குவளை நீர் கொடுத்தார். நாம் பொருள் வழங்கி முடிக்கும்வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் அவர் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. வெயில் ஏறியபோது இருவரும் எழுந்து நிழலுக்கு இடம் மாறினர், அவ்வளவே. மாலையில் மூட்டையை அவர் வாயிலாகவே அம்மையார் பெற்றுக்கொண்டார் என்று அறிந்தோம்.

திரும்பும் வழியில் வேனில் ஒருவர் வேறொன்று சொன்னார். “கொலைத் தொழில் செய்வோர், கடலே கணக்குத் தீர்த்தது” என்பது அவர் கூற்று. அதை மறுக்க நாம் வாய் திறக்கவில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பின் அதனை இங்கே எழுதுவதற்குக் காரணம், அவ்வெண்ணம் அவர் ஒருவருடையது மட்டும் அன்று என்பதே. வலை வீசுவோரைப் பற்றி நம் இல்லங்களில் மெல்லிய குரலில் பேசப்படுவதை நாம் அறிவோம். ஆகவே பெரியவரின் முதல் தடையை நாம் நேராகவே ஆராய வேண்டியுள்ளது.

வினை யார் அறிவார்?

வினையும் அதன் பயனும் உண்மை. அதில் நமக்கு ஐயம் இல்லை. ஆயின் இன்ன உயிரின் இன்ன துன்பம் இன்ன வினையால் வந்தது என்று அறியும் ஆற்றல் யாருக்கு உரியது? முற்றுணர்ந்த கேவல ஞானிக்கே உரியது. நாமோ மதி, சுருதி என்னும் இரு ஞானங்களுள்ளும் சிறு துளியே பெற்றவர்கள். நேற்று நம் வீட்டில் காணாமற்போன சாவி எங்கே என்று தெரியாத நாம், கடற்கரையில் மாண்ட குழந்தையின் முற்பிறவிக் கணக்கைப் படித்தவர்போல் பேசுவது அறியாமை மட்டும் அன்று. தமக்கு இல்லாத ஞானத்தை உள்ளதாகக் காட்டும் பொய்யும் ஆகும்.

அன்று காலையில் கடல் வலைஞர் குடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து வரவில்லை. வேளாங்கண்ணிக்கு வழிபட வந்த யாத்திரிகர் மாண்டனர். கரையில் விளையாடிய சிறுவர் மாண்டனர். வினை பயன் தருவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நிமித்தங்கள் வேண்டும் என்பது நம் நூல்களே கூறுவது. முன்னெச்சரிக்கை எட்டாமையும் ஒரு நிமித்தம். கரையை ஒட்டி நெருங்கிய குடியிருப்பும் ஒரு நிமித்தம். நிமித்தங்களை மாற்றுவது மனித முயற்சிக்கு உட்பட்டது. 2007-இல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது அத்தகைய முயற்சியே. வினையை நம்புவோர் முயற்சியைக் கைவிட வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று உண்டு. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் அசாதாவேதனீயம் என்னும் துன்பவினை எதனால் வந்து சேர்கிறது என்று கூறுமிடத்தில், தன்னிடத்தோ பிறரிடத்தோ துக்கம், சோகம், புலம்பல் முதலியவற்றை உண்டாக்குவதைக் காரணமாகக் காட்டுகிறது. உயிர்களிடத்து இரக்கமும் தானமும் பொறுமையும் இன்பவினைக்குக் காரணம் என்றும் உரைக்கிறது. இதனை அந்தக் கொட்டகை வரிசையில் வைத்துப் பாருங்கள். ‘வினைப்பயன்’ என்று நாம் சொன்ன சொல் அந்த அம்மையாரின் சோகத்தைக் கூட்டியது. அவர் வினையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கணத்தில் நாம் ஈட்டிய வினை எது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

அதே நூல் மைத்திரி, பிரமோதம், கருணை, மாத்தியஸ்தம் என்னும் நான்கு பாவனைகளைக் கூறுகிறது. எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணத்தால் மிக்காரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்துக் கருணை, நெறிப்படாதவரிடத்து வெறுப்பற்ற நடுநிலை. கருணைக்கு உரியவர் யார்? துன்புறுவோர். அவ்வளவே நிபந்தனை. அவர் தொழில் என்ன, உணவு என்ன, குலம் என்ன என்ற கேள்வி அங்கே இல்லை.

மிருகசேனன் என்னும் மீனவன் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். அவன் தோளில் வலையோடு செல்லும் வழியில் முனிவர் ஒருவரைக் கண்டான். முனிவர் அவனை விலக்கவில்லை, பழிக்கவும் இல்லை. வலையில் முதலில் அகப்படும் மீனை விட்டுவிடுமாறு, அவனால் காக்கக்கூடிய சிறு விரதம் ஒன்றை அளித்தார். அடையாளமிட்டு அவன் விடுத்த அதே மீன் மீண்டும் மீண்டும் அகப்பட, அவன் ஐந்து முறையும் அதனை விடுத்து வெறுங்கையோடு வீடு திரும்பினான் என்பது கதை. முனிவர் அன்று அவன் தொழிலைக் கண்டு முகம் திருப்பியிருப்பாராயின், அந்த மீனும் பிழைத்திராது, அவனும் உயர்ந்திரான். அண்மை இன்றி அறம் இல்லை.

ஆகவே முதல் தடைக்கு நாம் கண்ட விடை இது: வினைக் கோட்பாடு நம்மை நாமே அளந்துகொள்ளத் தரப்பட்ட கோல். பிறர் துயரின் மேல் வைத்துத் தீர்ப்புச் சொல்வதற்காக அது தரப்படவில்லை.

அழுகையைக் கேட்பது பற்றாகுமா?

இரண்டாம் தடை நுட்பமானது. நம் நூல்கள் தியானத்தை ஆர்த்தம், ரௌத்திரம், தருமம், சுக்கிலம் என நான்காகப் பகுக்கின்றன. இவற்றுள் ஆர்த்தத் தியானம் துயரில் தோய்ந்த எண்ணம். விரும்பாதது வந்து சேர்தல், விரும்பியது பிரிதல், நோயின் வேதனை, வருங்காலப் பயனை விழைதல் என அதுவும் நால்வகைப்படும். பிள்ளையை இழந்த தாயின் நிலை இவற்றுள் இரண்டாவதாகிய இஷ்டவியோகம். அது புதுவினைக்கு வாயில் என்பதும் உண்மை. அங்ஙனமாயின் அவரை அதிலிருந்து கரையேற்றுவது எவ்வாறு என்பதன்றோ கேள்வி?

“அநித்தியத்தை எண்ணுக, யாரும் யாருக்கும் துணையில்லை என்று எண்ணுக” என உபதேசிக்கலாம் என்பர் சிலர். பன்னிரு அனுப்பிரேட்சைகள் மிகவும் உயர்ந்தவை. ஆயின் அவை ஒருவர் தாமே தம் உள்ளத்தில் சிந்திக்க வேண்டியவை. மற்றவர் வாயில் திணிக்கத்தக்கவை அல்ல. காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கஞ்சி கொடுப்போமா, விருந்து படைப்போமா? விருந்து நல்ல உணவுதான், காலம் அன்று. மேலும், ‘யாரும் துணையில்லை’ என்னும் அசரண பாவனையைத் துயருற்றவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போகின்றவன், அதனைத் தன் செயலால் மெய்ப்பித்துக் காட்டுகிறானேயன்றி அவருக்கு ஞானம் அளிக்கவில்லை.

உண்மையில் கேட்கப்படாத துயரமே இறுகுகிறது. சொல்ல ஓர் ஆளும் இடமும் கிடைத்தால், அது மெல்ல நெகிழ்ந்து தன் வழியே செல்கிறது. கேட்பவர் அழுகையை வளர்ப்பதில்லை. அது வடிவதற்கு வாய்க்கால் ஆகிறார். பெரியவரின் அச்சத்தில் ஓர் உண்மை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறோம். துணை செய்பவர் தம்மையே ஊன்றுகோலாக்கி, தாம் இன்றி அவர் எழ இயலாதபடி செய்துவிட்டால், அது பற்று, இருவருக்கும் கேடு. அவருடைய உற்றாரோடும் ஊராரோடும் அவரை மீண்டும் சேர்த்துவிட்டு, தாம் விலகிக்கொள்ளத் தெரிந்தவரே நல்ல தொண்டர்.

மருத்துவர் பணியும் மற்றவர் பணியும்

மூன்றாம் தடைக்கு உலக அனுபவம் விடை தருகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் வேறு இரு அமைப்புகளுடன் சேர்ந்து 2011-இல் ‘உளவியல் முதலுதவி’ என்னும் கையேட்டை வெளியிட்டது. அது மருத்துவர்க்கு மட்டும் உரியது அன்று. களத்தில் நிற்கும் எவரும் கற்கத்தக்கது. ‘பார், கேள், இணை’ என்னும் மூன்றே சொற்களில் அதன் சாரம் அடங்கும். இடம் பாதுகாப்பானதா, உடனடித் தேவை உடையவர் யார் எனப் பார்த்தல். அணுகி, அவர் சொல்ல விரும்புவதைக் கேட்டல். உணவு, செய்தி, உறவினர், மருத்துவம் ஆகியவற்றோடு இணைத்தல். நம் நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-இல் உளச்சமூக ஆதரவு பற்றிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டுள்ளது.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைத்து உணர்ச்சியை வெளிக்கொணர்ந்துவிட்டால் குணமாகும் என்று ஒரு காலத்தில் மேலைநாடுகளில் நம்பினர். அம்முறை பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த ஆராய்ச்சி, அதனால் பயன் இல்லை என்றும், சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்றும் காட்டியது. ஆகவே தோண்டித் துருவிக் கேட்பது துணை அன்று. பேச விரும்பாதவரின் மௌனத்தோடு இருப்பதும் துணையே. அன்று கொட்டகை வாயிலில் ஒரு மணி நேரம் பேசாதிருந்த அந்தத் தொண்டர் பெண்மணி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது நமக்குப் பல்லாண்டுகளுக்குப் பிறகே விளங்கியது.

அவரைப் போன்றவர்கள் தாமாகத் தோன்றிவிடவில்லை. பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமாகிய நிம்ஹான்ஸ், ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையில் உள்ளூர்த் தொண்டர் பலருக்குப் பயிற்சி அளித்தது. சென்னையில் 1986-இல் மருத்துவர் இலட்சுமி விசயகுமார் அவர்கள் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பின் தொண்டர்கள் கரையோரக் குடும்பங்களைத் தொடர்ந்து சந்தித்து வந்தனர். அவ்வாறு சந்திக்கப்பெற்றவர்களின் மனவேதனை குறைந்தது என 2008-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. அத்தொண்டர்கள் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற எளிய மக்கள்.

மருத்துவரிடம் சேர்க்க வேண்டியவர் யார் என்பதையும் தொண்டர் அறிந்திருத்தல் வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசுபவர், நாள்பல சென்றும் உண்ணாமல் உறங்காமல் இருப்பவர், தம்மையோ குழந்தையையோ பேண இயலாதவர், முன்பே மனநோய்க்கு மருந்து உண்டு அதனை இழந்தவர் ஆகியோரைத் தாமதியாமல் மருத்துவரிடம் சேர்த்தல் கடமை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை நமக்கு அண்மையில் உள்ளது. மதுரையிலேயே 1992-இல் தோன்றிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணி ஆற்றி வருகிறது. 2022 அக்டோபர் 10 முதல் நடுவணரசின் ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை 14416 என்னும் எண்ணில் இயங்குகிறது. ஔடததானத்துக்கு உரியவரை ஔடதத்திடம் சேர்ப்பதும் அபயதானத்தின் ஒரு பகுதியே.

எண்ணங்கங்களில் ஒரு கையேடு

இக்காலக் கையேடுகளைப் படிக்கப் படிக்க, நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த நற்காட்சியின் எட்டு அங்கங்கள் நினைவில் எழுந்தன. அவற்றுள் நான்கு இப்பணிக்கென்றே வகுத்தனபோல் உள்ளன.

முதலாவது, அருவருப்பின்மை. நோயுற்ற முனிவர் வடிவில் சோதிக்க வந்த தேவன் தன்மேல் உமிழ்ந்தபோதும், உத்தாயண மன்னன் முகம் சுளிக்கவில்லை. தான் அளித்த உணவில் பிழை நேர்ந்ததோ என்றே வருந்தினான். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். தீப்புண்ணோடு கிடப்பவரின் பக்கத்தில் நிற்க வேண்டுமாயின் இந்த அங்கம் நமக்கு வேண்டும். உடற்புண்ணை மட்டும் சொல்லவில்லை. துயரத்தில் ஒருவர் சினந்து ஏசலாம், கடவுளைப் பழிக்கலாம், நம் நெறிக்கு ஒவ்வாதன பேசலாம். அப்போதும் சுளியாத முகம் வேண்டும்.

இரண்டாவது, உபகூகனம், பிறர் குறையை மறைத்துக் காத்தல். 2004 சூலை 16-இல் கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் மாண்டனர். இத்தகைய துயரில் எஞ்சிய பெற்றோர் பலரைக் குற்றவுணர்வு வாட்டும். ‘காய்ச்சல் என்று சொன்ன பிள்ளையை நானே அதட்டி அனுப்பினேன்’ என்பது போன்ற சொற்கள் ஒருவரிடம் ஒருமுறை மட்டுமே சொல்லப்படுபவை. கேட்டவர் அதனைத் தம் மனைவியிடமும் சொல்லலாகாது, மேடையிலும் சொல்லலாகாது. நாம் மேலே எழுதிய நிகழ்ச்சியிலும் ஊர்ப்பெயரையும் ஆள் அடையாளத்தையும் விடுத்ததன் காரணம் இதுவே. நிவாரணப் பொருளை நீட்டும் கையும் அதை வாங்கும் முகமும் சேர்ந்து தெரியுமாறு எடுத்த படங்களை நம் சமூகத்தார் பெருமையோடு வெளியிட்டு வருகிறோம். கொடுத்தவரின் முகம் தெரியலாம். வாங்கியவரின் முகம் ஏன் தெரிய வேண்டும்?

மூன்றாவது, ஸ்திதிகரணம், நிலைதளர்ந்தவரை நிலைநிறுத்தல். வாரிசேண முனிவர், துறவில் மனம் ஊன்றாத தம் நண்பரைக் கண்டித்து விரட்டவில்லை; பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, தக்க தருணத்தில் உடன் அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தைக் காட்டி, அவர் தாமே தெளியுமாறு செய்தார். நிலைநிறுத்தல் ஒரு நாள் வேலையன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பேரிடர் நேர்ந்த வாரத்தில் எல்லா வண்டிகளும் வருகின்றன. ஆறாம் மாதத்தில் எவரும் வருவதில்லை. துயரம் தனித்து விடப்படுவது அப்போதுதான்.

நான்காவது, வாத்சல்யம், கன்றிடத்துப் பசு கொள்ளும் அன்பு. கன்று நன்றி சொல்லும் என்று பசு எதிர்பார்ப்பதில்லை. துன்புற்றவர் நமக்கு நன்றி சொல்ல வேண்டும், நம் சொல்லால் தேறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் உதவ வரவில்லை, பெற்றுக்கொள்ள வந்திருக்கிறார். புண்ணியம் சேரும் என்ற கணக்கோடு செய்யும் தொண்டு நிதானம் என்னும் சல்லியமாய் உள்ளே தைத்துக்கொள்ளும்.

தொண்டரும் உயிரே என்பதையும் மறத்தலாகாது. நாள்தோறும் பிறர் துயரைக் கேட்பவர் தாமும் தளர்வர், உறக்கம் கெடும், வீட்டாரிடம் சினம் எழும். நமக்கு வாய்த்த சாமாயிகமும் பிரதிக்கிரமணமும் இங்கே பெருந்துணை. இரவில் ஒரு முகூர்த்தம் சமநிலையில் அமர்ந்து, ‘இன்று எவரிடம் மிகையாகப் பேசினேன், எவரைக் கேளாது விட்டேன்’ என்று மீள நோக்குபவர் மறுநாள் தெளிவோடு செல்வார். இருவர் இருவராகச் செல்லுதல், முறைவைத்து ஓய்வு கொள்ளுதல், மனம் கனத்தால் மூத்த தொண்டரிடம் (பெயர் கூறாமல்) சொல்லிக்கொள்ளுதல் ஆகியனவும் வேண்டும்.

மீண்டும் அவ்வூரில்

2005 டிசம்பரில், ஓராண்டு நிறைந்தபோது நாம் தனியாக அதே ஊருக்குச் சென்றோம். மூட்டையும் பட்டியலும் இல்லை. அந்த அம்மையார் நம்மை அடையாளம் கண்டுகொண்டாரா என்று தெரியவில்லை. வாயிலில் அமரச் சொன்னார். அமர்ந்தோம். நெடுநேரம் கழித்துத் தம் பிள்ளைகள் இருவரின் பெயரையும் சொன்னார். மூத்தவனுக்குக் கணக்கு வரும் என்றார். இளையவள் எதற்கும் பயப்படமாட்டாள் என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பொருள் எதுவும் நம்மிடம் இல்லை என்பதை ஓராண்டில் கற்றிருந்தோம். விடைபெறும்போது, சென்ற முறை நாம் சொன்ன சொல்லுக்காக மன்னிக்குமாறு கேட்டோம். அவர் சிறிது நேரம் கடலை நோக்கியிருந்துவிட்டு, “அன்னிக்கு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்கய்யா” என்றார். மன்னித்தாரா என்று நாம் அறியோம். அதை அறிந்து அமைதி கொள்ள நமக்கு உரிமையும் இல்லை.

சமயநல்லூர் நாற்கரச் சாலையின் மேல் உள்ள ஊர். பேரிடர் என்றால் கடல் பொங்க வேண்டும் என்பதில்லை. ஒரு வீட்டின் விளக்கு அணைந்தால் அவ்வீட்டுக்கு அதுவே பேரிடர். சாலை விபத்தில் மகனை இழந்த அடுத்த தெருக் குடும்பம் நம் சமயத்தினராய் இருக்க வேண்டியதும் இல்லை. பதினாறாம் நாள் முடிந்து உறவினர் ஊர் திரும்பியபின், ஒரு மாலை சென்று அவர்கள் வீட்டுத் திண்ணையில் அரைமணி அமர்ந்திருக்க நமக்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை. அதற்கு மேற்பட்ட பணிக்குப் பயிற்சி தேவை. அதைக் கற்க வேண்டும்.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் சென்ற வாரம் எடுத்துரைத்தோம். அவர் முழுவதும் உடன்பட்டார் என்று சொல்ல மாட்டோம். “கேட்கப் போகிறவர்கள் உபதேசிக்கத் தொடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம்மவர்க்கு அது கடினம்” என்றார். பின்னர், குழுவின் முதற்பட்டியலில் தம் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

‘சமயம்’ என்னும் சொல்லுக்கு நெறி என்று ஒரு பொருள்; காலம் என்று ஒரு பொருள்; ஆன்மா என்றும் நம் ஆசாரியர்கள் பொருள் கண்டனர். நெறி அறிந்தவர், காலம் அறிந்து, ஓர் ஆன்மாவின் அருகே அமைதியாக அமர்ந்திருப்பராயின், அவ்விடமே அஞ்சினான் புகலிடம். கற்படுக்கை வெட்டிய உப்பு வணிகனின் வழிவந்தோர் நாம். நம் பங்குக்கு ஒரு பாய் விரிப்போம்.

அறம் வளர்க!